பத்து எண்ணும் வரை

நவம்பர் 3, திங்கள்

மாலைக் கால்பந்துப் பயிற்சியில் லிபினா விழுந்தாள். யாரும் இடிக்கவில்லை. பந்தை வலது பக்கம் தட்டிவிட்டு, இடது காலை ஊன்றித் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தானே எழுந்து, "ஒண்ணுமில்ல மிஸ்" என்று கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விழும்போது ஒரு சத்தம் கேட்டதாகக் கோல் கீப்பர் பெர்லின் சொல்கிறாள். "காஞ்ச மட்டைய ஒடிச்ச மாதிரி மிஸ்." பெர்லின் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். எனக்குக் கேட்கவில்லை.

கல்லூரிப் பதிவேட்டில் ‘லேசான சுளுக்கு’ என்று எழுதினேன்.

பதினெட்டாம் தேதி கல்லூரி அணிகளுக்கான கோப்பையின் அரையிறுதி. இருபத்திரண்டு, சனிக்கிழமை, இறுதிப்போட்டி. அதைப் பார்க்க மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். மாநில அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். லிபினா எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. அவளுக்கு இதுதான் கடைசிப் போட்டி. இந்த ஊரில் நான் உடற்கல்வி இயக்குநராக வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் கல்லூரியிலிருந்து ஒருத்திகூட மாநில அணிக்குப் போனதில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வீட்டில் மோட்டார் மறுபடியும் காற்று இழுக்கிறது. தண்ணீர் ஏறவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

முழங்கால் வீங்கியிருக்கிறது. ஐஸ் வைக்கச் சொன்னேன். "நேத்தைக்குப் பாத்தா இப்பம் பரவால்ல மிஸ்" என்கிறாள்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியோ போட்டியோ, தொடங்கும் முன் ஒவ்வொருத்தியும் கண்ணை மூடி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நான் பத்து வரை எண்ணுவேன். பிறகு அடுத்த கால். பத்துக்கு முன் தூக்கிய கால் தரையைத் தொட்டால் அன்று அவள் வெளியே உட்கார வேண்டும். வாதமே கிடையாது. நான் கல்லூரியில் ஆடியபோது எங்கள் பயிற்சியாளர் ஞானசிகாமணி சார் இப்படித்தான் எண்ணுவார். சான்றிதழ்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. சளிக்கும் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கால் பொய் சொல்லாது என்பதுதான் இந்த எண்ணிக்கையின் அடிப்படை.

இன்று லிபினா இரண்டு காலிலும் பத்து வரை நின்றாள். இடது காலில் கொஞ்சம் ஆடினாள். எல்லோரும்தான் ஆடுகிறார்கள்.

நவம்பர் 6, வியாழன்

மழை. பயிற்சி இல்லை. நல்லது.

நவம்பர் 8, சனி

லிபினாவின் அம்மா கல்லூரிக்கு வந்திருந்தார். அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், பருப்பு உடைக்கும் வேலை. விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைகளைச் சேலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பேசினார்.

"டீச்சர், அவ வீட்டுல ஒத்தக் கால்ல நொண்டிக்கிட்டு நடக்கா. கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லுகா. எனக்கு அவள நம்ப முடியல்ல. நீங்க சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லை. வீக்கம் வடிஞ்சுட்டு."

"அந்தக் கழிஞ்ச மழையில வீட்டுச் சுவரு ஒரு பக்கம் போச்சு. அதெல்லாம் கெடக்கட்டும். இவ ஒரு வேலையில கேறிட்டாண்ணா போதும். கேறிருவாளா டீச்சர்?"

"நல்லா ஆடினா வாய்ப்பு இருக்கு. உறுதியா யாராலும் சொல்ல முடியாது."

"நீங்க இருக்கிய. பிறகென்ன" என்று எழுந்தார். போகும்போது ஒரு பொட்டலம் வறுத்த முந்திரியை மேசையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்வதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்.

வீக்கம் வடிந்துவிட்டது என்று சொன்னது முழுப் பொய்யும் இல்லை. காலையில் பார்த்தபோது நேற்றைவிடக் குறைந்திருந்தது.

நவம்பர் 10, திங்கள்

கல்லூரி டாக்டர் வாரம் ஒருநாள்தான் வருவார். லிபினாவின் காலை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தாராம். அவள் அதை என்னிடம் நீட்டினாள். நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஃபைனல் கழிஞ்சு எடுக்கலாமா மிஸ்?"

"உனக்கு எப்படித் தோணுது?"

"எனக்கு வலி இல்ல மிஸ்."

அப்படியானால் பிறகு எடுக்கலாம் என்றேன். அவள் விருப்பமும் அதுதான். சீட்டை இந்த நாட்குறிப்பின் பின்னட்டைக்குள் வைத்திருக்கிறேன். தொலைந்துபோகாது.

நவம்பர் 12, புதன்

பயிற்சிக்கு முன் வழக்கம்போல் எண்ணினேன். முடிந்ததும் பெர்லின் சிரித்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"மிஸ், உங்க பத்து எங்களுக்கு எக்ஸ்பிரஸ் வண்டிக்கு ஒதுங்கி நிக்குற பாசஞ்சர் மாதிரி. லிபினாவுக்கு மட்டும் வந்தே பாரத்."

பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். முதலாண்டு மகிஷாவும் சிரித்தாள். அவள் லிபினாவின் இடத்துக்கான மாற்று ஆட்டக்காரி. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு உதைப்பாள். லிபினா மட்டும் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"பேச்சுக்கு ரெண்டு ரவுண்டு கூடுதல்" என்று பெர்லினை ஓடவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து வழக்கமான என் வேகத்தில் பத்து எண்ணினேன். பன்னிரண்டு வினாடி. சரியாகத்தான் எண்ணுகிறேன். லிபினாவுக்கு எண்ணுவதை வீட்டிலிருந்து எண்ணிப் பார்க்க வழியில்லை.

நவம்பர் 14, வெள்ளி

லிபினா ஐஸ் வைத்துக்கொள்ள என் அறைக்கு வந்தாள். என் மேசைக்கு எதிர்ச் சுவரில் 1998-ஆம் ஆண்டுப் படம் தொங்குகிறது. பல்கலைக்கழகக் கோப்பையை வென்றதும் மைதானத்திலேயே எடுத்தது. பதினோரு பேர் நிற்கிறார்கள். நான் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் தேசிய அணி முகாமுக்குப் போக வேண்டியவள். போகவில்லை. எம்.பி.எட். படித்தேன்.

"உங்க கால் எப்படி மிஸ் போச்சு?"

"சேறு. அன்னைக்கு மைதானம் முழுக்கச் சேறு. வழுக்கிட்டேன்."

அவள் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி மிஸ்" என்றாள்.

இருபத்தேழு ஆண்டுகளாக இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லிவருகிறேன். யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. கோயிலில் எல்லோரும் ஜெபத்துக்கு முழங்கால் படியிடும்போது நான் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பற்றியும் இப்போது யாரும் கேட்பதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பதினெட்டு ஜெர்சிகளையும் ஊறவைத்துத் துவைத்தேன். கல்லூரிச் சலவைக்காரருக்குக் காய்ச்சல். ஒன்பதாம் எண் லிபினாவுடையது. இடது முழங்கைப் பக்கம் கிழிந்திருந்ததைத் தைத்தேன். வெயில் இல்லாததால் எல்லாவற்றையும் கூடத்தில் கொடி கட்டிக் காயப்போட்டிருக்கிறேன். வீடு முழுக்க ஈர நாற்றம். சாப்பிடப் பிடிக்கவில்லை. முந்திரிப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

அரையிறுதியில் வென்றோம். 2-1.

முதல் கோல் லிபினாவுடையது. ஓடிப்போய் அடித்ததல்ல. பந்து வரும் இடத்தில் முன்கூட்டியே நின்று, திரும்பாமல், வலது காலால் ஒரு தட்டு. இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொடுக்க முயன்றும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாதது அது.

அறுபத்தெட்டாவது நிமிடத்தில் பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில் தடுமாறி விழுந்தாள். வெளியே அழைத்து மகிஷாவை இறக்கினேன். "முட்டி தனியா கழண்டு போற மாதிரி இருக்கு மிஸ்" என்றாள். பிறகு அவசரமாக, "இப்பம் இல்ல. இப்பம் செரியாயிட்டு" என்றாள். அவளுக்குப் பல் கிட்டியிருந்தது.

ஆட்டத்துக்கு முன் எண்ணியபோது பத்து வரை நின்றாள். அதை இங்கே குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 19, புதன்

கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். இறுதிப்போட்டிக்குச் சிறப்பு விருந்தினர் ஞானசிகாமணி சாராம். "உங்க குரு இல்லையா? நீங்களே நேரில் போய் அழைச்சிடுங்க" என்றார். சார் பழைய ஆள், எண்பதை நெருங்குகிறார். அவரைப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிறது.

லிபினாவின் முட்டி காலிஃபிளவர் மாதிரி இருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சார் வீடு. டிவியில் ஏதோ வெளிநாட்டு ஆட்டம், சத்தமில்லாமல். என்னைப் பார்த்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"வா பிள்ளே, இரி. ஏ, கட்டன் சாயா ஒண்ணு எடு. என் டீம்ல ஆடினதுலயே பெரிய ஆட்டக்காரி வந்திருக்கா."

அழைப்பிதழைக் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் வைத்துத் தன் பெயரை இரண்டு முறை வாசித்தார்.

"இப்பமும் ஒத்தக் கால்ல நிப்பாட்டி எண்ணுகியாமே? முதல்வரு போன்ல சொன்னாரு."

"எண்ணுறேன் சார்."

தொடையில் தட்டிச் சிரித்தார். "அந்த ஃபைனல்ல உன்ன எண்ணினது ஓர்ம இருக்கா? ரெண்டு வாரமா முட்டி வீங்கிக் கெடந்துது. ஏழுலயே ஆட ஆரம்பிச்சிட்ட. இவ இல்லாம எப்பிடிக் கப்பு வருமுன்னு, நான் எட்டொம்பதுபத்துன்னு ஒரே மூச்சுல அடிச்சு விட்டேம்லா! நீயும் ஒண்ணும் தெரியாத மாதிரி கண்ணத் தொறந்த. கள்ளி!"

"அன்னைக்குச் சேறு சார். அதுல வழுக்கினேன்."

"சேறா? போ பிள்ளே. ஏப்ரல் மாசம். பொடி பறந்துது. ரெஃப்ரிக்கு இருமல் நிக்காம விசிலே ஊத முடியல்ல."

அவர் மனைவி சாயா கொண்டுவந்தார். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

வயதானவர்களின் நினைவை நம்ப முடியாது. திரும்பும் வழியில் பேருந்தில் இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போகாமல் கல்லூரி நிறுத்தத்தில் இறங்கி என் அறையைத் திறந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். பத்தொன்பது ஆண்டுகளாக எதிரில் தொங்குகிற படம். பன்னிரண்டு பேரின் காலுறைகளும் வெள்ளையாக இருக்கின்றன.

நவம்பர் 21, வெள்ளி

எலுமிச்சை இருபது, குளுக்கோஸ் இரண்டு பெட்டி, பஞ்சு, முட்டிக்குக் கட்டும் பட்டை ஒன்று. பட்டையைக் கடைக்காரர் இரண்டு அளவில் எடுத்துப் போட்டார். பெரியதை வாங்கினேன்.

அணிப் பட்டியலை இன்றே கொடுக்க வேண்டும். ஒன்பதாம் எண்ணுக்கு நேராக லிபினா என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆட்டத்துக்கு அரைமணி முன்புவரை மாற்றலாம் என்று விதியில் இருக்கிறது. அதை எழுத்தரிடம் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பிறகு இன்னொரு முறையும் கேட்டேன்.

"என்ன மேடம், டென்ஷனா?" என்றார்.

இல்லை என்றேன்.

நவம்பர் 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பார்வையாளர் படிக்கட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெர்லினிடம் கொடுத்தேன்.

"இன்னைக்கு நீ எண்ணு. முள்ளைப் பார்த்து, ஒரு வினாடிக்கு ஒண்ணு."

"நானா? வேண்டாம் மிஸ். அன்னைக்கு சும்மா கேலிக்குச் சொன்னேன்."

"தெரியும். எண்ணு."

அவள் ஒவ்வொருத்தியாக எண்ணிக்கொண்டு வந்தாள். நன்றாகவே எண்ணினாள், பேச்சில்லாமல், முள்ளை விட்டுக் கண்ணெடுக்காமல். மகிஷா பத்துக்குப் பிறகும் நின்றுகொண்டே இருந்தாள். முதுகில் தட்டிக் கண்ணைத் திறக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

லிபினா வலது காலில் நின்றாள். பத்து. கால் மாற்றினாள். புதுப் பட்டையைக் கட்டியிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் உடம்பு முழுக்க நடுங்கியது. ஐந்து. ஆறு என்றபோது வலது பாதம் தரையில் பட்டது. பட்ட உடனே மறுபடி தூக்கிக்கொண்டாள். கண் மூடியேதான் இருந்தது.

பெர்லின் என்னைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்க்காமல், "ஏழெட்டொம்பதுபத்து" என்றாள். ஒரே மூச்சு. சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள்.

மைதானத்தில் மைக் சரிபார்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆறு" என்றேன்.

"மிஸ், பத்து மிஸ். நான்தான் எண்ணினேன்."

"ஆறு, பெர்லின். மகிஷா, நீ ஆடுற. பூட்ஸை இறுக்கிக் கட்டு."

லிபினா கண்ணைத் திறந்தாள். "மிஸ், ஒரு ஹாஃப் மட்டும். செலக்டர் பாத்தா போதும். பதினஞ்சு நிமிஷம் மிஸ்."

"முடியாது."

"எனக்கு அடுத்த வருஷம் காலேஜ் இல்ல மிஸ்."

"தெரியும்."

அவள் பட்டையைக் கழற்றினாள். ஒட்டுப் பட்டி பிரியும் சத்தம் நீளமாகக் கேட்டது. "அப்பம் செமியில ஏன் என்ன எறக்கினிய?" என்றாள். சத்தமாகக் கேட்கவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

பட்டியலைத் திருத்திக் கொடுக்கப் போனேன். நேரம் இருந்தது.

0-1 என்று தோற்றோம். மகிஷாவுக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. இரண்டாவதில் கண்ணைத் திறந்தே அடித்தாள், கம்பத்தில் பட்டது. லிபினா வெளி பெஞ்சில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேர்வாளர்களில் ஒருவர் வந்து, "உங்க ஒன்பதாம் நம்பரைப் பார்க்கத்தான் வந்தோம்" என்றார். காலில் அடி என்றேன். அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார், அல்லது எழுதியிருந்ததை அடித்துவிட்டார்.

கோப்பையைக் கொடுத்துவிட்டு இறங்கிய ஞானசிகாமணி சார் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "என்ன பிள்ளே, ஒனக்கு எண்ணத் தெரியாதா?" என்று காதருகில் சொல்லிச் சிரித்தார். அவரைக் கார்வரை நடத்திக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

வாசலில் லிபினாவின் அம்மா நின்றிருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். ஆபீசில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ஒண்ணுமில்லண்ணு நீங்கதானே டீச்சர் சொன்னிய" என்றார்.

கோபம்கூட இல்லை அந்தக் குரலில். நான் சொன்னதைச் சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகம் கேட்பதுபோல் இருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஜெர்சிகள் அப்படியே மூட்டையில் கிடக்கின்றன.

நவம்பர் 25, செவ்வாய்

பின்னட்டையிலிருந்து சீட்டை எடுத்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் மை மங்கியிருந்தது. காலையில் லிபினாவையும் அவள் அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றி ஸ்கேன் மையத்துக்குக் கூட்டிப்போனேன். லிபினா ஆட்டோவில் அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

சாயங்காலம் எலும்பு மருத்துவர் படங்களை விளக்குப் பலகையில் மாட்டினார். இளைஞர். படத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டி நிதானமாகப் பேசினார். லிகமென்ட் முழுதாக அறுந்திருக்கிறது. எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்திருக்கிறது. அது பிறகு வந்தது, அறுந்த காலோடு ஓடியதால். இன்னொரு ஆட்டம் ஆடியிருந்தால் அதைத் தைக்கவும் முடியாமல் போயிருக்கும். ஆபரேஷன் செய்ய வேண்டும். ஒன்பது மாதம், பத்து மாதம் ஆகும். அதன்பிறகு ஆடலாமா என்று லிபினா கேட்டாள். "ஆடுறவங்க இருக்காங்க" என்றார். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை. அவரை எனக்குப் பிடித்திருந்தது.

படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "எப்போ அடிபட்டுது?" என்று கேட்டார்.

"போன வாரம், செமியில…" என்று அம்மா தொடங்கினார்.

"மூணாந்தேதி" என்றேன். "சாயங்காலம் அஞ்சேகாலுக்கு. பயிற்சியில். திரும்பும்போது."

அம்மா என் பக்கம் திரும்பினார். மருத்துவர் எழுதினார்.

"விழும்போது சத்தம் ஏதாவது கேட்டுதா? டப்புன்னு, ஒடியற மாதிரி?"

சனிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக லிபினா என்னைப் பார்த்தாள்.

"கேட்டுது" என்றேன். "நான் பத்தடி தள்ளித்தான் நின்னேன். நல்லாவே கேட்டுது."